எங்கள் சண்டே புதன்கிழமை வந்தது

ஒரகடம் பக்கம் டீக்கடையில் நின்று "ஒனக்கு எப்ப சண்டே?" என்று ஒருவரைக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "இந்த வாரம் வியாழக்கிழமை" என்று பதில் வரும். வார விடுமுறை எந்தக் கிழமையில் விழுகிறதோ அதுதான் அந்த ஆளுக்கு சண்டே. காலண்டரில் சிவப்பாக அச்சடித்திருக்கும் ஞாயிறு, கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நாள், அவ்வளவுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் எனக்கு இது கிறுக்குப் பேச்சாகத் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே நானும் ஒரு திங்கட்கிழமை ஊருக்குப் போன் போட்டு, நாளைக்கு எனக்கு சண்டே, தூங்குவேன், கூப்பிடாதே என்று அம்மாவிடம் சொன்னேன். பெண்ணுக்குத் தலையில் ஏதோ அடிபட்டுவிட்டது என்று அம்மா பயந்துபோனாள்.

என் வீட்டுக்காரர் வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். நெல் போட்ட குடும்பம். இப்போது அவர் போடுவது கார் கதவுக்கான தகடு, ஒரு பிரஸ் ஷாப்பில். நான் வேறொரு கம்பெனியில் செல்போன் போர்டுகளைச் சோதிக்கும் லைனில் இருந்தேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்து, பேசி, இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு மெல்ல இறக்கிவைத்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஒரகடத்தில் வாடகை வீடு. அவருக்குக் காலையில் ஏ ஷிஃப்ட் வந்தால் எனக்கு பி வரும், மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை. எனக்கு ஏ வந்தால் அவருக்கு சி, ராத்திரி முழுக்க. இரண்டு கம்பெனிக்காரர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு செய்தது மாதிரி இருக்கும். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் வரும்போது நான். போனில் அவர் அனுப்பும் குரல் செய்தியில், இந்தப் பக்கத்து ஆட்கள் பெண்டாட்டியைக் கூப்பிடும் "மே"யோடு, குக்கர்ல சோறு கீது மே, தயிர எடுத்து உள்ள வை என்றிருக்கும். எங்கள் காதல் வசனம் அதுதான்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் எனக்கு லைன் லீடர் வேலை வந்தது. ஆனால் ஒரகடத்தில் இல்லை, ஓசூரில் புதிதாகத் திறந்த யூனிட்டில். பகலில் மட்டும் வேலை, உண்மையான ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்து வாங்கிய பெயர் அது. வேண்டும் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் போனால் இந்தக் கல்யாணத்தில் மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியவில்லை. அவரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே. உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத இரண்டு வார்த்தைகள் அவை. பெருந்தன்மை மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே ஒன்றுமே இருக்காது. நான் போவதும் இருப்பதும் இவருக்கு ஒன்றுதானா என்று நினைத்து நினைத்து எனக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் பார்த்து எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் சண்டே விழுந்தது, புதன்கிழமை. முன்பொரு சண்டேயில் ஓவர்டைம் வேலை பார்த்ததற்கு ஈடாக ஆளுக்கு ஒரு நாள் பாக்கி விடுப்பு வேறு இருந்தது. அதையும் சேர்த்து, எங்காவது போகலாம் என்றேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் சின்னச் சின்ன ஊர்களாகப் பார்த்துக்கொண்டு வருவது என் பழக்கம். ஒரு தெரு, ஒரு குளம், ஓட்டு வீடு, பின்னால் ஒரு பாட்டு, வார இறுதிக்கு ஏற்ற அமைதியான ஊர் என்று ஒரு குரல். வார இறுதியே இல்லாத நான் அதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். அப்படிப் பார்த்து வைத்திருந்த ஊர்தான் சதுரங்கப்பட்டினம். சதராஸ் என்றால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும். கடல், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, ஓர் அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு ஓர் அறை. அந்த அக்காவுக்கு அவர்தான் போன் செய்தார். வர்ற சண்டே நாங்க ரெண்டு பேரு வர்றோம்க்கா, ரூமு வோணும் என்றார். நான் பக்கத்திலேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை சி ஷிஃப்ட் முடித்து வந்தவர், குளித்துவிட்டு அப்படியே கிளம்பினார். முந்தின நாள் பி ஷிஃப்ட் முடிந்து வந்த எனக்கும் தூக்கம் பாதிதான். ரூமுக்குப் போனதும் முதல்ல நல்லா தூங்கணும் என்பதுதான் வழியெல்லாம் எங்கள் பேச்சு. சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். ஒவ்வொரு ஊரும் கண்ணாடிக்கு வெளியே மெதுவாக வந்து, மெதுவாகப் போனது. எது நிஜமாகப் பார்த்தது, எது கண்ணசந்தபோது வந்தது என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தாமரை பூத்த ஒரு குட்டை நிச்சயமாக இருந்தது. அதன் நடுவில் நின்று ஒருவர் குடை பிடித்திருந்தாரா என்பதில்தான் சந்தேகம்.

வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும், யாரோ என்னவோ என்பது போல அக்கா விழித்தார். போன் செய்ததைச் சொன்னோம்.

"நீங்க சண்டேன்னுதானே சொன்னீங்க?" என்றார் அக்கா.

"ஆமாக்கா, சண்டேதான். அதான் வந்துக்கிறோம்" என்றார் என் வீட்டுக்காரர், மிகவும் பொறுமையாக.

அக்கா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருக்கிறார்களோ என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாடியில் இரண்டு பேர் அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் எங்களுக்காகத்தான். எங்கள் ஊர் சண்டேயின் கதையை நான் விளக்கிச் சொல்ல, அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் சுவர் காய்ந்துவிடும், அதுவரைக்கும் பையை இங்கே வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

தெருவுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு போனை ஒழுங்காகப் பேசத் தெரியாதா, அந்த அக்காவுக்கு நம்ம சண்டே எப்படித் தெரியும் என்று. நீயும்தானே பக்கத்தில் இருந்தாய் என்றார். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் கூடியது. கொஞ்ச தூரம் அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். ஆனால் அந்தத் தெருவில் கோபத்தை வைத்துக்கொண்டு நடப்பது சிரமம். யாருமே அவசரமாகப் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கூட்டாக வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்தது. வாசலில் ஒரு பெண் மீனை அலசிக்கொண்டே யாருடனோ சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தாள். காற்றில் உப்பு இருந்தது. விளம்பரத்தில் வரும் ஊர் விருந்தாளிக்காக உடுத்திக்கொண்டு நிற்கும். நாங்கள் சொல்லாமல் வந்துவிட்டதால் இந்த ஊர் வீட்டுச் சேலையிலேயே இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது.

கோட்டையில் எங்களைத் தவிர ஒரு காவல்காரரும் இரண்டு ஆடுகளும்தான். உள்ளே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள், அவற்றின் மேல் பூவும் கப்பலும் எழுத்துமாகச் செதுக்கியிருந்தார்கள். எங்கிருந்தோ வந்து இந்த வெயிலில் படுத்துவிட்டார்களே என்று எனக்குப் பாவமாக இருந்தது. செங்கல் மதில் மேல் ஏறி நின்றால் கடல். தூக்கம் கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் கொஞ்சம் ஆடும், சத்தமெல்லாம் ஒரு அடி தள்ளியே கேட்கும். நாங்கள் மதிலில் உட்கார்ந்திருந்தோம். பேசினோமா, பேசியதாக நினைத்துக்கொண்டோமா, தெரியாது. வெகுநேரம் போயிருந்தது. என் கோபமும் எப்போது இறங்கிப் போனது என்று நான் கவனிக்கவில்லை.

மத்தியானம் ஒரு சின்னக் கடையில் மீன்குழம்புச் சாப்பாடு. எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பளத்தை நான் கடைசிக்கு என்று ஒதுக்கி வைப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். மோர் குடிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கடலோரச் சவுக்குத் தோப்புக்குப் போனோம். சவுக்கு மரத்துக்குள் காற்று போகும் சத்தம் ஒன்று போதும், யாரையும் தூங்கவைத்துவிடும். அவர் கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. கொஞ்ச நேரம் படுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். சரி, உங்கள் பாடு என்று நான் துண்டை விரித்துச் சாய்ந்தேன். இமை ஒட்டியதோ இல்லையோ, தோளைத் தொட்டு எழுப்பினார், தூங்காதே என்று. ஏன் என்று கேட்டால் மறுபடியும் தூங்காதே என்றுதான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தானும் தூங்காமல் என்னையும் தூங்கவிடாமல் இது என்ன அடம் என்று திட்டினேன். அத்தனையையும் வாங்கிக்கொண்டு துண்டை உதறி மடித்தார்.

வெயில் சாய்ந்ததும் மணலுக்கு வந்தோம். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். கடல் வெளுத்துக்கொண்டே வந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"ஓசூருக்கு என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்னு மட்டும் சொன்னீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறிருவேன்."

அவர் மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ரெண்டு வருஷமா நீ தூங்கறதத்தாமே பாத்துக்கினு கீறேன். நாள் பூரா முழிச்சிக்கினு நீ எப்டி இருப்பன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். தோப்புல நீ கண்ண மூடுனியா, இன்னாடா இது, மறுபடியும் அதேவான்னு ஆயிடுச்சி எனக்கு."

நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

"நீ போ" என்றார். "லைன் லீடரு வேலைய எவனும் சும்மா தூக்கிக் குடுக்க மாட்டான். நானு தடுத்தா அது அநியாயம். அதான் உன் இஷ்டம்னேன். ஆனா போவாதன்னு ஒரே ஒரு தபா சொல்லிக்கிறேன். கேட்டுட்டுப் போ."

சொல்வார் என்று காத்திருந்தேன். அலை வந்து போயிற்று, பிறகு இன்னொன்று. ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போவாத மே."

நான் அழுதுவிட்டேன். வருத்தம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். இத்தனை நாளும் நான் கேட்க ஏங்கியது அந்த ஒரு சொல்லைத்தான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்குப் போகவும் பயமில்லை, இருக்கவும் பயமில்லை. அன்று சுண்ணாம்பு வாசம் போகாத அந்த மாடி அறையில், ஜன்னலைத் திறந்துவைத்து, இருவரும் ஒரே நேரத்தில் தூங்கினோம். அடுத்த நாள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அக்கா கீழேயிருந்து காபிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஓசூருக்குச் சரி என்று சொன்னேன். இப்போது இங்கே எனக்கென்று ஒரு சின்ன வாடகை அறை இருக்கிறது, காலண்டரில் சிவப்பாக இருக்கும் ஞாயிறு இருக்கிறது. அவருக்கு விடுமுறை அவர் கம்பெனி போடும் நாளில்தான். செவ்வாயோ வெள்ளியோ, சி ஷிஃப்ட் முடிந்த கையோடு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து ஓசூர் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மத்தியானத்துக்குள் என் அறைக்கு வந்து சேருவார். நான் அப்போது லைனில் நின்றுகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டில் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், படுத்துத் தூங்குங்கள் என்று போனில் சொல்வேன். சரி சரி என்பார். சாயங்காலம் நான் வந்து கதவைத் தள்ளினால் பாய் விரிக்காமல் மூலையிலேயே சுருட்டி நிற்கும். அவர் சுவரோரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, சிவந்த கண்களோடு, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.