கொம்புப் புழுவுக்கு ஒரு சிபாரிசு

அந்த வீட்டு மூத்த மருமகள் தையற்காரி. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே காப்புக் காய்த்த விரல்கள். மெஷினை விட்டு எழுந்தால் நேரே மொட்டைமாடிக்குத்தான் போவாள். அங்கே அவளுடைய கத்தரிச் செடிகள் தொட்டி தொட்டியாக நிற்கும். செடி விஷயத்தில் அவள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். கொழுந்தன் பெண்டாட்டி வந்து எதிர்ச் சுவரோரம் தக்காளி நட்டாளோ இல்லையோ, அந்தப் பெருமைக்கு வந்தது கேடு.

தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொலைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சட்டைப் பொத்தானை ஒழுங்காக மாட்டத் தெரியாத அவள் புருஷன், சாப்பிடும்போது, தம்பி பெண்டாட்டிக்கு நல்ல கைராசி என்று சொல்லிவிட்டான். இத்தனை வருஷத்தில் அவளுடைய கத்தரிக்காயைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை உதிர்ந்ததில்லை. அன்று அவள் எரிச்சலோடு தைத்த சட்டை ஒன்றுக்கு இரண்டு கையும் இடக்கையாகப் போயிற்று.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இளையவள் ஒரு தக்காளிக் கிளையோடு மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். கிளையில் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு. விலாவில் சாய்ந்த வெள்ளைக் கோடுகள், வால் பக்கம் ஒரு கொம்பு. இது என்ன புழு, கொட்டுமா, கொன்றுவிடலாமா என்று கேட்டாள்.

பார்த்ததுமே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் இதே கொம்புப் புழு அவளுடைய செடிகளை மொட்டையடித்தது. கௌரவம் கருதி யாரிடமும் மூச்சு விடவில்லை. கொம்பு வெறும் மிரட்டல்தான், கொட்டாது. வாய்தான் எமன். கையால் பொறுக்கி எறிந்தால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"கொன்னுடாதம்மா. அருமையான பட்டாம்பூச்சியா மாறும். எனக்கு இதுன்னா உசுரு."

இளையவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மூத்தவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. சீருடை அவசரம் என்று சாக்குச் சொல்லி, தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் இளையவள் தலையிலேயே கட்டினாள். தக்காளி குச்சியாக நிற்பதை ஒரேயடியாகக் கண்குளிரப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசையை அடக்கிக்கொண்டு தைத்தாள்.

ஒரு வாரம் கழித்து மாடியேறினாள். தக்காளி பழுத்துச் சிவந்து நின்றது. எதிர்ப்பக்கம் கத்தரித் தொட்டிகளில் காம்புகள்தான் மிச்சம். காம்புக்கு ஒரு புழு கொழுத்துத் தொங்கியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இளையவள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"உங்களுக்கு உசுருன்னு சொன்னீங்களேக்கா. என் செடியில இருந்ததை ஒண்ணுவிடாம பொறுக்கி உங்க செடியில விட்டுட்டேன். பத்தாதுன்னு பக்கத்து வீட்டுலயும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."