கருப்பனின் திமிலில் ஒரு கை

விராலிமலைக்கு அருகே பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோர மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஓவியர் ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளை வரைகிறார். அதன் திமிலைக் கட்டிக்கொண்டு ஒருவன் தொங்குகிறான். நிஜக் காளை பக்கத்திலேயே வைக்கோல் மெல்கிறது.

தவிட்டு வாளியோடு வந்த, காளையை வளர்க்கும் அம்மா கொதிக்கிறார். "யாருண்ணே இவன்? எங்க கருப்பன இதுவரைக்கும் ஒருத்தனும் புடிச்சதில்ல. அழிங்க!"

"வேற யாரை வரையலாம்?" என்று நான் கேட்கிறேன்.

அவர் குரல் இறங்குகிறது. "எங்க வீட்டுக்காரர வரையச் சொல்லுங்க. சிங்கப்பூர்ல இருக்காங்க. அவங்க ஒருத்தரத்தான் கருப்பன் திமில்ல கை வைக்க விடுவான்."

அந்த அம்மா போனில் காட்டும் முகத்தை ஓவியர் பார்த்துக்கொள்கிறார். தொங்கும் கால்களை அழித்துத் தரையில் ஊன்றவைக்கிறார். திமிலில் இருக்கும் கைகளை மாற்றவில்லை.

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் ஓடும்போது பின்னால் அந்த அம்மாவின் குரல்: "காலுக்குச் செருப்பு வரைஞ்சிறாதீங்கண்ணே. கருப்பங்கிட்ட வெறுங்காலோடதான் வருவாங்க."