வாசல் பலகையில் ஒரு பித்தளை டோக்கன்

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் தம் எண் பொறித்த டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார்கள். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு டோக்கன் தொங்கினால் தேடத் தொடங்குவார்கள். மனித உயிரை மதிக்கும் இந்த அருமையான ஏற்பாட்டை, சுரங்கப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றும் என் கணவர், பதினோராம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கும் விரிவுபடுத்தினார். வாசலருகே ஒரு பலகை; 'உள்ளே', 'வெளியே' என்று இரு கொக்கிகள்; ஒரே ஒரு பித்தளை டோக்கன். நிலக்கரி வெட்டப் போவதும் டியூஷனுக்குப் போவதும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தானவை என்பது அவர் கருத்து. நான் சிரித்தேன். பிறகு அவரைவிட அதிகமாக அந்தப் பலகையைப் பார்த்தவள் நான்தான்.

முன்பெல்லாம் சைக்கிளை நிறுத்துவதற்குள் தெருவிலிருந்தே கதை சொல்லத் தொடங்குகிறவள் எங்கள் மகள். அந்த ஆண்டு அவளுடைய பேச்சு "ம்", "இல்ல", "சாப்ட்டேன்" என்று சுருங்கியிருந்தது. அந்தக் கதைகள் திரும்ப வேண்டும் என்று ஏங்கினேன். அதற்குக் காவல் போட்டோம். எங்களுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

ஒரு மாலை நான் கடைவீதியிலிருந்து திரும்பியபோது, டியூஷன் முடிந்து வெகுநேரமாகியும் டோக்கன் 'வெளியே' தொங்கியது. பதறி அவள் கைப்பேசிக்கு அழைத்தேன். எங்கள் அலமாரி ஒலித்தது. தேர்வு முடியும்வரை அதைப் பூட்டி வைத்தவர்கள் நாங்களே.

பணி முடிந்து வந்த கணவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். டியூஷன் வீட்டு அம்மா, "இன்னிக்குப் பாதியிலயே கெளம்பிட்டாளேங்க" என்றார். அதற்குப் பிறகு சுரங்கக் குடியிருப்பைப் பிளாக் பிளாக்காகச் சுற்றினோம். ஒன்றைப் போலவே இன்னொன்றாக இருக்கும் அத்தனை குவார்ட்டர்ஸ் வாசல்களிலும் அவளுடைய சைக்கிளே நிற்பதாகத் தோன்றியது. பாதுகாப்பு உரை எதுவும் நிகழ்த்தாமல் அவர் வண்டி ஓட்டியது அன்றுதான்.

தோற்றுத் திரும்பினால், சமையலறையில் மகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போயிருந்த?"

"எங்கயும் போவலியே. அப்பவே வந்துட்டேன். வாசக்கதவு பூட்டியிருந்திச்சு. பின்கதவு சும்மா சாத்திதான் இருந்திச்சு; நீ வருவேன்னு பலாமரத்தடியிலயே உக்காந்துகினு இருந்தேன்."

"டோக்கன் வெளிய இருக்குதே!" என்றார் கணவர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவரைப் போல.

"பின்வாசல் வழியா வந்தா எப்படிப்பா மாத்துறது? தோட்டத்துல ஒருவாட்டி எட்டிப் பாத்திருக்கலாம்ல?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லணும்னுதாம்மா டியூஷன விட்டு ஓடியாந்தேன்."

"சொல்லுடா கண்ணு."

எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஒண்ணுமில்ல. சொல்ற ஷிப்ட் முடிஞ்சிடுச்சும்மா."

மறுநாள் விசாரணை முடிந்து கணவர் மூலகாரணத்தை அறிவித்தார்: பின்வாசலில் பலகை இல்லை. புதிய பலகையும் துளையிடும் கருவியுமாக நின்று, "அந்த ஸ்டூல எடு" என்றார்.

எடுத்தேன். அவரைக் கடந்து தோட்டத்துக்குப் போய், பலாமரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏய், எனக்கில்ல கேட்டேன்?"

"தெரியுங்க. இப்ப அவ வர்ற நேரம்."