லோவெல் ஆலைப் பெண்களும் அஞ்சலீனாவும்

1989இல் அஞ்சலீனா லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பகலில் தட்டுகள் ஓடும் பெல்ட், மாலையில் கல்லூரியில் வரலாறு. வியாழக்கிழமை வகுப்பில் பத்து நிமிடம் பேசித் தேறினால்தான் பல்கலைக்கழகத்தில் இடம். அவள் குடும்பத்தில் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. தனக்கு இது சரிவருமா என்று தட்டு அடுக்கும்போதும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பேச வேண்டியது அமெரிக்காவின் லோவெல் பஞ்சாலைகளைப் பற்றி. 1830களில் பண்ணை வீட்டுப் பெண்கள் அங்கே வந்தார்கள். விடுதியில் தங்கி, மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் தறிக்கு ஓடினார்கள். கூலியைக் குறைத்தபோது வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பழக்கம் விடுமா? அஞ்சலீனா இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, ஒரு வரி விடாமல் பாடமாக்கினாள்.

பெல்ட்டருகே நின்று முணுமுணுத்தவளை, பக்கத்தில் தட்டுக்கொரு பாண் ரொட்டி வைத்துக்கொண்டிருந்த தவமலர் அக்கா விடவில்லை. தமிழில் சொல்லச் சொன்னாள். வரிசை முழுவதும் காது கொடுத்தது. “எடி பிள்ளை, அவையள் கக்கூசுக்குப் போக ஆரைக் கேக்கோணும்?” என்றாள் தவமலர். அஞ்சலீனாவுக்குத் தெரியவில்லை. அன்று ஒரு வண்டித் தட்டுகள் கரண்டியில்லாமல் போயின. மேற்பார்வையாளர் வந்து கத்தியபோது தவமலர் அப்பாவியாய் முகத்தை வைத்துக்கொண்டு, “எல்லாம் லோவெல்லால வந்தது” என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது.

வியாழன் வந்தது. அஞ்சலீனா கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: திரும்பிப் போகப் பண்ணை இருந்ததே, பிறகு ஏன் தெருவில் நின்று சண்டை பிடித்தார்கள்?

பாடம் அறுந்துபோயிற்று. அவள் மறுபடி முதலிலிருந்து, மாலை வணக்கம் சொல்லித் தொடங்கினாள். வகுப்பு சிரித்தது. பாடமாக்கியதை விட்டுவிட்டு, அவள் நினைப்பதைச் சொல்லும்படி ஆசிரியை கேட்டார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று அவளை அதுவரை யாரும் கேட்டதில்லை. தன் முதல் சம்பளத்தில் வாங்கி, காலில் போட்டிருந்த சிவப்புச் சப்பாத்தைப் பற்றிச் சொன்னாள். தேவையில்லாத சப்பாத்து, யாரிடமும் கேட்காமல் வாங்கியது. அப்படி ஒருமுறை வாங்கியவள் அப்பாவிடம் கையேந்தத் திரும்பிப் போகமாட்டாள், கிடைத்ததைக் குறைக்கவும் விடமாட்டாள் என்றாள். கேள்விகள் வந்தன. பாதிக்கு, தெரியாது, தேடிப் பார்க்கிறேன் என்றாள். அதனாலேயே தோற்றுவிட்டதாக நினைத்தாள். தேறியிருந்தாள்.

மறுநாள் பெல்ட்டில் செய்தியைச் சொன்னதும் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். தவமலருக்கு வேறு கவலை.

“அதிருக்கட்டும். அந்தப் பெட்டையளுக்குக் கூலி கூடினதோ?”

“இல்லை அக்கா. அந்தமுறை தோத்துப் போச்சினம்.”

தவமலரின் கை நின்றது. “பிறகு?”

“ரெண்டு வருசத்தால திரும்பவும் ரோட்டுக்கு வந்தவை. இன்னும் கனபேர்.”

“அப்பிடிச் சொல்லு” என்று தவமலர் அடுத்த பாணை எடுத்தாள்.