கறுப்பு பீரும் என் பெல்ட்டும்

பிள்ளைகளே, என் வயிற்றைப் பார்த்து நீங்கள் சிரிப்பதால் இதை எழுதிவைக்கிறேன். உங்கள் பெரிய அக்கா பிறந்த வருடம் வந்த வயிறு இது. இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் அதே வருடம்தான்.

அப்போது காஜா பேராங்கில் குடியிருந்தோம். பிள்ளை பெற்றவளுக்குக் கறுப்பு பீர் கொடுத்தால் ரத்தம் ஊறும், உடம்பு தேறும் என்று அங்கே சீனர், தமிழர் எல்லாருமே நம்பினோம். நானும் இரண்டு டஜன் போத்தல் வாங்கி வந்தேன். உங்கள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குக் கஷாயமே தேவலை" என்று தள்ளிவைத்துவிட்டாள். மருந்தைக் கீழே கொட்ட எனக்கு மனம் வரவில்லை. தினமும் சாயந்திரம் ஒரு போத்தலை நானே குடித்தேன். தீர்ந்ததும் மறுபடி வாங்கினேன், அவள் மனம் மாறலாம் என்று.

நான் அப்போது தொண்டர் படையில் இருந்தேன். சுதந்திர நாளில் திடலில் அணிவகுத்து நடக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் சார்ஜன் எங்களை வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தார். அவரும் நம் தமிழ் ஆள்தான்.

"என்னப்பா, பிள்ளை பெத்தது நீயா, உன் பொஞ்சாதியா? பெல்ட் எட்டலைன்னா வெளியே நின்னு கை தட்டு."

அந்த வரிசையில் நடப்பதற்கு ஆசைப்பட்டதுபோல் வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. சோற்றை நிறுத்தினேன். தேங்காய்ப்பால் குழம்பை நிறுத்தினேன். விடிந்ததும் கிளேபாங் கடற்கரை வரை நடந்து திரும்பினேன். இரண்டு வாரமாகியும் பெல்ட் எட்டவில்லை.

உங்கள் அம்மா கேட்டாள்: "சோத்த விட்டீங்க. அந்தக் கறுப்புத் தண்ணிய?"

"அது மருந்து. மருந்து எப்படிச் சதை போடும்?"

"எனக்குச் சதை போடத்தானே வாங்கினீங்க."

மிச்சப் போத்தல்களை அன்றே கடையில் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் வயிறு கொஞ்சம் இறங்கியது.

சுதந்திர நாளன்று பெல்ட் கடைசித் துளையில் மாட்டியது. சார்ஜன் என் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "மூச்சு விடாம நட" என்றார். நடந்தேன்.

கூட்டம் "மெர்டேக்கா", அதாவது சுதந்திரம், என்று முழங்கியபோது, கத்தினால் பெல்ட் தெறிக்கும் என்று தெரிந்தது. வாயை மட்டும் அசைத்தேன். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகக் கத்தினேன் என்று உங்கள் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசியதில்லை.