பஞ்சு கடித்த ஒரு மணி நேரம்

பல் டாக்டரின் கிளினிக்கில் இருபது வருஷமாக உதவியாளர் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு அங்கே 'ரேடியோ' என்று பெயர். சும்மா வைக்கவில்லை. வந்தவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார். இவர் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி, "எத்தனை பிள்ளைங்க? ரெண்டா? போதும் போதும்" என்று கேள்வியையும் பதிலையும் தானே சொல்லிக்கொள்வார். பாவம், யார் மறுத்துப் பேச முடியும்?

வீட்டிலும் அதே கதைதான். இருபத்து மூன்று வயது மகன் "அம்மா, ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தால் போதும். "மேனேஜர் திட்டினாரா? கண்டுக்காதே, சாப்பிட வா" என்று முடித்துவிடுவார். பையன் பார்த்தான், பேச்சையே விட்டுவிட்டான். மூன்று மாதமாக 'ம்', 'சரி' தவிர ஒரு வார்த்தை கிடையாது. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவருக்குப் பெற்ற பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கத் தெரியவில்லையே! உள்ளுக்குள் குமைந்து போனார்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் இவருடைய கடைவாய்ப் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. "ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசினா ரத்தம் நிக்காது. உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன்!" என்று மாற்றுப் பஞ்சும் கொடுத்தனுப்பினார்.

மகன்தான் வீட்டுக்கு அழைத்து வந்தான். சோபாவில் உட்கார வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். "அம்மா, நான் வேலைய விட்டுட்டேன். மூணு வாரமாச்சு" என்றான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் டிபன் கட்டிக் கொடுத்தாரே! கேள்விகள் முண்டியடித்து வந்தன. பஞ்சை இறுக்கிக் கடித்தார்.

"நீச்சல் குளத்துல குழந்தைங்களுக்குச் சொல்லித் தரப் போறேன்மா. இப்போ பழகிட்டு இருக்கேன், திங்கக்கிழமை நிரந்தரமா சேரச் சொல்றாங்க. சம்பளம் கம்மிதான். உன்கிட்ட சொல்லாம சேர மனசு வரல. ஆனா நீ என்னைக்கு முடிக்க விட்டிருக்க?"

சுருக்கென்றது. தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அவன் நிறுத்தவே இல்லை. தண்ணீரைக் கண்டாலே அலறி, இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாத குட்டிப் பெண், அவள் முதன்முதலாகக் கையை விட்ட நாள்... சொல்லச் சொல்லச் சிரித்தான். என் பிள்ளை இவ்வளவு சிரிப்பானா என்று அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

திடீரென்று கடிகாரத்தைப் பார்த்தான். "அம்மா! ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. இன்னும் பஞ்சை எடுக்கலையா?"

அவர் பஞ்சை எடுத்தார். "நீ இன்னும் முடிக்கலையேடா" என்றார். சொல்லிவிட்டுப் புதுப் பஞ்சை எடுத்துக் கடித்துக்கொண்டார்.