மாட்டுக்கு விற்ற உப்பு

உப்பு விற்பவன் யாரையும் நம்பி மூட்டையை அவிழ்க்கக் கூடாது. கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டாத உப்பு கள்ள உப்பு. 2006-இல், அயோடின் கலக்காததைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்றார்கள். மரக்காணம் ரோட்டோரம் நான் நிமிர்ந்து உட்கார்ந்து விற்ற கல்லுப்பு கள்ளச் சரக்காகிவிட்டது. மாட்டினால் கடைக்கு சீல். எனக்கு இருந்ததோ அந்த ஒரு கடை.

ஊறுகாய் தின்னும் மாடு

"மாட்டுக்கும் கருவாட்டுக்கும் மட்டும்" என்று போர்டு எழுதி வைத்தேன். அதன் பிறகு வந்தவர்களெல்லாம் என் கண்ணுக்கு ஆபீசர்கள். ஆரோவில்லில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மாங்காய் ஊறப்போட உப்பு கேட்டார். வேவு பார்க்க யாரோ அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டினேன். மாட்டுக்கென்றால் தருகிறேன் என்றேன். அவர் பையை விரித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப மாட்டுக்கே போடுங்க. எங்க வூட்டு மாடு ஊறுகா இல்லாம சோறு துன்னாது."

பழைய வாடிக்கை

செல்வம் மூட்டை மூட்டையாக வாங்குவான், விலை பேச மாட்டான். பாண்டிச்சேரி பாட்டில்களை என் உப்பால் மூடித்தான் செக்போஸ்ட்டைத் தாண்டுகிறான் என்று ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது என்று வைத்திருந்தேன். உத்தரவு வந்த பிறகு ஒருநாள் வந்தவன் மூட்டையைத் தொடவே இல்லை. இப்போது உப்பு வண்டியைத்தான் முதலில் நிறுத்துகிறார்களாம். "இத்தினி நாளா உப்புக்கு அடியில பாட்டில ஒளிச்சேண்ணே. இனிமே உப்ப எதுக்கு அடியில ஒளிக்கிறது?"

பச்சைச் சேலை

தோல் பதனிட என்று சொல்லி நிறைய வாங்கிப்போன ஆளை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. பில் கேட்டு வாங்கிக்கொண்டாரே, அதனால்.

பிறகு நிஜ ஆபீசரே வந்தார். போர்டைப் படித்தார், நம்பவில்லை. "உங்க வூட்ல எந்த உப்பு போடுறீங்க?" என்று கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் அடுப்படிக்கே வந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் மனைவி, மளிகைக் கடையில் வாங்கிய அயோடின் கல்லுப்புப் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அச்சடித்திருந்ததைப் படித்துத் தலையாட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

மூட்டை வாயை அவளுடைய பழைய சேலைக் கிழிசலால் கட்டுவது என் வழக்கம். அவள் பாக்கெட்டுக்குள் விரலை விட்டு ஒரு பச்சைத் துணித் துணுக்கை எடுத்துக் காட்டினாள். "காலையில கொழம்பு வெக்கும்போதே பாத்துட்டேங்க. இது எஞ்சேலை. தோலுக்குன்னு வாங்கினவரு நம்ம உப்ப நமக்கே வித்துட்டாரு."

அந்த ஆளால்தான் என் கடை தப்பியது என்பதால், அவரை நம்பவும் முடியவில்லை, நிம்மதியாகத் திட்டவும் முடியவில்லை.